தேர்த்துகள் எண்ணுக்கு எத்தனை சைபர்? வீட்டில் தகராறு, யாராவது தீர்த்து வையுங்கள்

மூணாறு தலைப்பு (கேள்வி கேட்டவர்)

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எண் என்றால் பயம் கிடையாது. ஆனால் இத்தனை வருஷத்தில் நான் கண்ட பெரிய எண் ஆலையின் வருஷ விற்றுமுதல்தான். இப்போது 22 இலக்கத்தில் ஒன்று வந்து கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் வாட்ஸப் குழுவுக்குப் 'பங்காளிகள்' என்று பெயர். பெரியப்பா, அப்பா, சித்தப்பா என மூன்று வீடு, அப்புறம் திருத்துறைப்பூண்டி அத்தை. போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஒரு ஃபார்வர்டு போட்டார். தமிழர் பின்ன அளவுகளாம். முக்கால், அரை, கால் என்று ஆரம்பித்து மா, காணி, முந்திரி, கீழ்முந்திரி என்று இறங்கி, இம்மி, மும்மி, அணு, குணம், பந்தம் என்று கேள்விப்படாததெல்லாம் தாண்டி, கடைசியில் தேர்த்துகளில் போய் நின்றது. தேர் ஓடும்போது கிளம்பும் தூசி. ஒன்றை இத்தனை கூறு போட்டால் அதில் ஒரு கூறு:

2323824530227200000000

பத்து நிமிஷம் கழித்து அத்தை வேறு எங்கிருந்தோ அதே பட்டியலைப் போட்டார். அதில்:

2323824350227200000000

சித்தப்பா சும்மா இருப்பாரா? அவருக்கும் ஒன்று வந்திருக்கிறது:

232382453022720000000

நன்றாகப் பாருங்கள். முதலாவதில் 530, இரண்டாவதில் 350. மூன்றாவதில் ஒரு சைபர் குறைவு. பெரியப்பா, "என்னுடையதுதான் சரி, இந்த எண் எதாலும் வகுபடும், அதற்காகவே செய்த எண்" என்கிறார். சித்தப்பா, "தஞ்சாவூர் பெரிய கோயில் கல்லிலேயே இது இருக்கிறது, போய்ப் பார்" என்கிறார். பந்தயம் வேறு. தோற்றவர் திருவாரூர் ஆழித்தேர் அன்றைக்கு மொத்தக் குடும்பத்துக்கும் டிபன் வாங்கித் தர வேண்டும். நாங்கள் பத்தொன்பது பேர்.

தேடிப் பார்த்தால் மூன்றுமே எங்காவது இருக்கும், அதனால் தேடலைப் பந்தயத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கையால் போட்டுக் காட்ட வேண்டும். நான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைப் போட்டேன். ஆலையில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர் சொல்லிக் கொடுத்தது: கூட்டலோ பெருக்கலோ சரியா என்று பார்க்க ஒன்பது தள்ள வேண்டும். இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஒன்பது ஒன்பதாகத் தள்ளினால் மீதி என்ன என்று பார்ப்பது. மூன்று எண்ணுக்கும் கூட்டினால் 45. மூன்றும் மீதியில்லாமல் தள்ளிவிட்டன. வித்தை கைவிட்டது.

இன்னொரு குளறுபடியும் உண்டு. பெரியப்பா பட்டியலில் இம்மி 1075200-ல் ஒன்று. சித்தப்பா பட்டியலில் 2150400-ல் ஒன்று. ஆனால் அதற்கு அடுத்த மும்மி இரண்டிலும் 23654400-ல் ஒன்றுதான். இது எப்படி?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தேருக்கு இன்னும் நாள் இருக்கிறது.

வடுவூர் ஏரி

அண்ணே, எக்செல்லில் போட்டுப் பார்த்தீர்களா? அது 15 இலக்கத்துக்கு மேல் ஞாபகம் வைக்காது, மிச்சத்தைச் சைபராக்கிவிடும். உங்கள் எண்ணில் 14 இலக்கத்துக்கு அப்புறம் எல்லாமே சைபர், அதனால் தப்பித்தது. ஆனால் மூன்றில் எது சரி என்று எக்செல் சொல்லாது. மூன்றையும் சமர்த்தாக வாங்கி வைத்துக்கொள்ளும். நம் ஊர் பேங்க் பாஸ்புக் மிஷினைவிட மரியாதை தெரிந்தது, அவ்வளவுதான்.

குடந்தை டீச்சர்

தம்பி, நான் கும்பகோணத்தில் முப்பது வருஷம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள், அவசரப்படாமல் சொல்கிறேன்.

முதலில் கடைசி வரியை விட்டுவிடுங்கள். ஏணியில் உச்சியை மட்டும் பார்த்தால் ஏறியது எப்படி என்று தெரியாது. பட்டியலில் ஒவ்வொரு வரியையும் அதற்கு முந்தின வரியால் வகுத்துப் பாருங்கள், படிகள் வெளியே வரும். நான் உட்கார்ந்து போட்டேன். முந்திரி 320-ல் ஒன்று. கீழ்முந்திரி அதிலும் 320-ல் ஒன்று, அதாவது 102400-ல் ஒன்று. அங்கிருந்து கீழே: ஒரு கீழ்முந்திரிக்கு 21 இம்மி, இம்மிக்கு 11 மும்மி, மும்மிக்கு 7 அணு, அணுவுக்கு 9 குணம், குணத்துக்கு 5 பந்தம், பந்தத்துக்கு 6 பாகம், பாகத்துக்கு 7 விந்தம், விந்தத்துக்கு 17 நாகவிந்தம், நாகவிந்தத்துக்கு 14 சிந்தை, சிந்தைக்கு 20 கதிர்முனை, கதிர்முனைக்கு 40 குரல்வளைப்படி, குரல்வளைப்படிக்கு 60 வெள்ளம், வெள்ளத்துக்கு 100 நுண்மணல், நுண்மணலுக்கு ஆறரை தேர்த்துகள். அந்த ஆறரைதான் எனக்குப் பிடித்த இடம். அத்தனை தூரம் முழு எண்ணாக இறங்கிவிட்டுக் கடைசிப் படியில் ஓர் அரை.

உங்கள் இம்மிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். சித்தப்பா பட்டியல் 21 இம்மி, 11 மும்மி என்று போகிறது. பெரியப்பா பட்டியல் பத்தரை இம்மி, 22 மும்மி என்று போகிறது. 21-ஐ 11-ஆல் பெருக்கினாலும் 231, பத்தரையை 22-ஆல் பெருக்கினாலும் 231. ஓர் இரண்டு இந்தப் படியிலிருந்து அந்தப் படிக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. மும்மியிலிருந்து இருவரும் ஒரே பாதையில் இறங்குகிறார்கள்.

இனி சைபர். ஓர் எண்ணின் வாலில் சைபர் வருவது எப்போது? உள்ளே ஓர் இரண்டும் ஓர் ஐந்தும் ஜோடி சேரும்போது. இந்த ஏணியில் இரண்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே ஐந்துகளை எண்ணினால் போதும், விரல் விட்டு எண்ணலாம். முதல் 320-ல் ஒன்று, இரண்டாவது 320-ல் ஒன்று, பந்தத்தில் ஒன்று, 20-ல் ஒன்று, 40-ல் ஒன்று, 60-ல் ஒன்று, 100-ல் இரண்டு. ஆக எட்டு. வாலில் சரியாக எட்டுச் சைபர்தான் இருக்க வேண்டும், ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உங்கள் சித்தப்பா எண்ணில் எத்தனை சைபர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அத்தையின் 350. ஒன்பது தள்ளுவது ஏன் கைவிட்டது தெரியுமா? இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. சைபர் போனாலும் மாறாது. கணக்கெழுதும் கையில் அதிகம் நடக்கும் தவறே இந்த இரண்டும்தான், அந்த வித்தைக்கு இரண்டுமே கண்ணில் படாது. இதற்கு வேறு வலை வேண்டும். ஏணியைப் பாருங்கள்: 21-லும் 14-லும் 7 இருக்கிறது, தனிப் படியாகவும் இருக்கிறது. 11 இருக்கிறது. ஆறரை என்பது 13-ல் பாதி, அதனால் 13-ம் வந்துவிட்டது. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. ஆயிரத்தைவிட ஒன்றே ஒன்று கூடுதல்.

அதனால் என்ன லாபம்? எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டுங்கள். ஒரு துண்டைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மறுபடி கூட்டி, மறுபடி கழித்துக்கொண்டே போங்கள். வருகிற விடை 0-வாகவோ 1001-ஆகவோ அதன் மடங்காகவோ இருந்தால் முழு எண்ணும் 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். பில் புத்தகத்தின் பின்பக்கம் போதும். போட்டுவிட்டு வாருங்கள், விடையை நான் சொல்ல மாட்டேன்.

மூணாறு தலைப்பு

டீச்சர், போட்டேன். பில் புத்தகத்தில் இல்லை, தவிட்டு மூட்டைக்குக் கட்டும் அட்டையில். எழுதியதை அப்படியே தருகிறேன்.

பெரியப்பா எண்: 2, 323, 824, 530, 227, 200, 000, 000. கடைசி இரண்டு துண்டும் சைபர். 200-லிருந்து 227 போனால் கழித்தல் 27. 530 கூட்டினால் 503. 824 கழித்தால் கழித்தல் 321. 323 கூட்டினால் 2. கடைசியாக அந்த 2-ஐயும் கழித்தால் 0.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. 22 இலக்கத்து எண் இப்படிச் சைபரில் வந்து இறங்கும் என்று நினைக்கவே இல்லை. எடை போடும் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன், "சரிண்ணே, லாரி நிக்குது" என்றான்.

அத்தை எண்: மற்றதெல்லாம் அதேதான், 530-க்குப் பதில் 350. அதனால் 180 குறைகிறது. விடை கழித்தல் 180. அது 7-ஆலும் போகாது, 11-ஆலும் போகாது, 13-ஆலும் போகாது. அத்தை அவுட்.

சித்தப்பா எண்ணில்தான் மாட்டிக்கொண்டேன். 232, 382, 453, 022, 720, 000, 000. 720-லிருந்து 22 போனால் 698. 453 கூட்டினால் 1151. 382 போனால் 769. 232 கூட்டினால் 1001. பாஸாகிவிட்டதே டீச்சர்!

குடந்தை டீச்சர்

பாஸாகத்தான் செய்யும். அவருடையது பெரியப்பா எண்ணில் பத்தில் ஒரு பங்கு. பத்துக்குள் 7-ம் இல்லை, 11-ம் இல்லை, 13-ம் இல்லை. அதனால் பத்தால் வகுத்தாலும் அந்த மூன்றும் உள்ளேயே பத்திரமாக இருக்கும். அதற்காகத்தான் சைபர் எண்ணும் வலையை முதலில் போட்டேன். ஒரு வலையில் தப்பிய மீன் மற்றதில் விழும். அவருக்கு வாலில் ஏழுதான் இருக்கிறது, எட்டு வேண்டும்.

பெரியப்பாவிடமும் ஒன்று சொல்லுங்கள். 'எதாலும் வகுபடும்' என்பது கொஞ்சம் அதிகப்படி. படிகளையெல்லாம் உடைத்துச் சேர்த்தால் அந்த எண்ணுக்குள் 2 இருபத்திரண்டு முறை, 3 ஐந்து முறை, 5 எட்டு முறை, 7 நான்கு முறை, 11, 13, 17 ஒவ்வொரு முறை. வேறு பகா எண் எதுவும் கிடையாது. 1 முதல் 18 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும், அது பெரிய விஷயம்தான். ஆனால் 19-ல் நின்றுவிடும். 19-ஆல் வகுத்தால் மீதி 6.

வெண்ணாற்றங்கரை

நான் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஆரம்பித்தவன். இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன். தம்பி, உங்கள் சித்தப்பா பெரிய கோயிலை இழுத்ததால் வாயைத் திறக்கிறேன்.

கோயில் கல்லில் இருப்பது தேர்த்துகள் எண் இல்லை. ஆனால் அவர் முழுக்கப் பொய் சொல்லவும் இல்லை. ராஜராஜன் கல்வெட்டுகளில் நிலக்கணக்கு எவ்வளவு நுணுக்கமாக இறங்குகிறது என்பதற்குக் கல்வெட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் எண் ஒன்று உண்டு. ஒரு வேலியில் (வேலி என்பது பழைய நில அளவு) 52,428,800,000-ல் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன நிலம் வரை கணக்கில் ஏறியிருக்கிறது என்பார்கள். இதைத்தான் யாரோ சொல்ல, சித்தப்பா கேட்டிருப்பார்.

அது எவ்வளவு சின்னது? சோழன் காலத்துக் கோல் வேறு, நம் கோல் வேறு, அதனால் நம் கணக்கில் சொல்கிறேன். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி, 2,88,000 சதுர அடி. இதை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதிதான் வருகிறது. கடுகு ஒன்றை வைத்தால் கடுகு பக்கத்து வயலில் நீட்டிக்கொண்டிருக்கும். இதை எவனும் கயிறு போட்டு அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. கணக்கில் பிறந்த நிலம் அது. நீளத்தில் ஒரு முந்திரி மிச்சம், அகலத்தில் ஒரு முந்திரி மிச்சம் என்றால், பெருக்கின உடனே 102400-ல் ஒன்று வந்துவிடும். அப்புறம் வாய்க்கால், சுடுகாடு, ஊர்நத்தம் என்று இறையிலி நிலத்தை, அதாவது வரி இல்லாத நிலத்தை, கழிக்க வேண்டும். கணக்கன் எதையும் 'ஏறக்குறைய' என்று விடாமல் வந்ததை வந்தபடி வெட்டச் சொல்லியிருக்கிறான் என்பது என் ஊகம். நானாக இருந்தால் முந்திரிக்குக் கீழே சரிக்கட்டியிருப்பேன்.

இப்போது டீச்சர் செய்தது போல அந்த எண்ணை உடைத்துப் பாருங்கள். 320-ஐ நான்கு முறை பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கினால் 52,428,800,000. கடைசி வரைக்கும் உடைத்தால் 2 இருபத்துநான்கு முறை, 5 ஐந்து முறை. அவ்வளவுதான். 3 கிடையாது, 7 கிடையாது, எதுவும் கிடையாது. ஏனென்றால் நிலக்கணக்கின் பின்னமெல்லாம் பாதி, அதில் பாதி, ஐந்தில் ஒன்று என்றே வெட்டியவை. கால், அரைக்கால், மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று. உங்கள் வாட்ஸப் எண்ணில் 7, 11, 13, 17 என்று கூட்டமே நிற்கிறது. கல்லில் இருப்பதில் இரண்டே ஆள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரித் தெரியவில்லை எனக்கு. முந்திரி, கீழ்முந்திரி வரை வயலில் புழங்கிய கணக்கு. அதற்குக் கீழே இறங்குவது நிலம் அளக்கும் கை போட்ட படிகள் இல்லை என்றுதான் தோன்றுகிறது. 17-ல் ஒரு பங்கு பிரித்துக் கொடு என்று ஒரு விவசாயி என்னிடம் கேட்டதில்லை.

ஆனால் மூன்றில் ஒரு பங்கு கேட்டிருக்கிறார்கள். அங்கேதான் இந்தக் கணக்கு திணறும். எங்கள் தாத்தா வீட்டிலேயே நடந்தது. மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு வேலி நிலம். பழைய பின்னத்தில் மூன்றில் ஒன்றைச் சொல்லவே முடியாது. கால், மா, அரைமா, அரைக்காணி என்று நெருங்கலாம். அது 160-ல் 53 பங்கு. மூன்று பேருக்கும் கொடுத்தால் 159. மீதி 160-ல் ஒன்று, ஓர் அரைக்காணி. வேலியில் அது பன்னிரண்டரைக் குழி, 1800 சதுர அடி. இன்றைக்கு அதில் வீடே கட்டலாம். முந்திரி, கீழ்முந்திரி என்று இன்னும் இறங்கி அதையும் பிரிக்கலாம், ஆனால் எத்தனை முறை இறங்கினாலும் கடைசி அளவில் மூன்றில் ஒன்றோ மூன்றில் இரண்டோ தொக்கி நிற்கும். தீரவே தீராது. தாத்தாக்கள் இறங்கவில்லை. அந்தப் பன்னிரண்டரைக் குழியைப் பொதுக் களமாக விட்டுவிட்டார்கள். நான் சின்னப் பையனாக அதில் போரடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பாவுக்கும் ஒரு வார்த்தை. 'அணுவையே அளந்தவன்' என்று ஃபார்வர்டில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்தப் பட்டியலின் அணு 165580800-ல் ஒரு பங்கு. எதில் பங்கு என்று சொல்லாதவரை அதற்கு அளவே கிடையாது. ஒரு வேலியில் பங்கு என்றால் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, என் கட்டைவிரல் நகம். தேர்த்துகளைப் போட்டுப் பார்த்தால்தான் நிஜமாகவே சின்னது: பக்கத்துக்கு மூன்றரை நானோமீட்டர்கூட வராத ஒரு சதுரம். அதற்குப் பட்டா கேட்டு யாரும் வர மாட்டார்கள்.

வடுவூர் ஏரி

ஐயா, நீங்கள் சொன்ன கல் எண்ணைப் பார்த்தவுடனே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாலில் உள்ள ஐந்து சைபரை மறைத்துவிட்டால் 524288. கம்ப்யூட்டர்காரனுக்கு அது தெரிந்த முகம். 2-ஐ 19 முறை பெருக்கினால் வருவது. 512 கேபி என்றால் 524288 பைட்டு. நான் தினமும் ஆபீஸில் பார்க்கிற எண், ராஜராஜன் கல்கணக்கில் ஐந்து சைபரை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பாதி பாதியாக வெட்டுகிற எவனும் இந்த வழியாகத்தான் போக வேண்டும் போல.

மூணாறு தலைப்பு

ஐயா, அரைக்காணிக் கதையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டிலும் மூன்று பேர்தானே. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நம்ம போர்செட்டுப் பக்கத்துத் துண்டு அப்படி வந்ததுதான் போல" என்றார். எனக்கு இவ்வளவு நாள் அது ஏன் மூன்று பேர் பெயரிலும் கிடக்கிறது என்று தெரியாது.

டீச்சர், ஒரே ஒரு சந்தேகம். பெரியப்பா விடவில்லை. "எதாலும் இல்லாவிட்டால் போகட்டும், இவ்வளவு எண்களால் வகுபடும் எண் வேறு உண்டா, கேள்" என்கிறார். எத்தனை எண்களால் வகுபடும் என்று எண்ண வழி உண்டா? 22 இலக்கத்தை உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருந்தால் ஆலை முதலாளி என்னை வகுத்துவிடுவார்.

குடந்தை டீச்சர்

வகுக்கவே வேண்டாம். 2 இருபத்திரண்டு முறை இருக்கிறது என்றால், ஒரு காரணியைச் செய்யும்போது 2-ஐ ஒன்றுமில்லாமல் தொடங்கி இருபத்திரண்டு வரை எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், 23 வழி. 3-க்கு 6 வழி, 5-க்கு 9, 7-க்கு 5. 11, 13, 17 ஒவ்வொன்றுக்கும் எடுக்கலாம் அல்லது விடலாம், 2 வழி. எல்லாவற்றையும் பெருக்குங்கள்: 49,680. அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 49,680 இருக்கின்றன. கல் எண்ணுக்கு 25-ஐ 6-ஆல் பெருக்கினால் 150 மட்டும்.

ஆனால் 'இதைவிட உண்டா' என்று கேட்டால், பெரியப்பா வேறு ஒருவரிடம் மாட்டுவார். அவர் எங்கள் ஊர்க்காரர். சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர். ராமானுஜன் 1915-ல் லண்டனில் வெளியிட்ட பெரிய கட்டுரையே இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். தன்னைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண் எது? 12 அப்படிப்பட்டது, 24, 36, 48, 60 அப்படிப்பட்டவை. இவற்றுக்கு அவர் கண்ட முதல் விதி ரொம்ப எளிமையானது. சின்னப் பகா எண்ணைவிடப் பெரிய பகா எண் அதிக முறை வரவே கூடாது. 2 எத்தனை முறையோ 3 அதற்கு மேல் போகாது, 3-க்கு மேல் 5 போகாது, இப்படி.

இப்போது தேர்த்துகளைப் பாருங்கள். 3 ஐந்து முறை, 5 எட்டு முறை. விதி அங்கேயே உடைந்துவிட்டது. இரண்டையும் இடம் மாற்றி 3-ஐ எட்டு முறையும் 5-ஐ ஐந்து முறையும் வையுங்கள். காரணிகள் அதே 49,680. எண் மட்டும் 501946098529075200000 என்று சிறுத்துவிடும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆக, இதைவிடச் சிக்கனமாக அதே வேலையைச் செய்யும் எண் உண்டு. பட்டியல் போட்டவர்களுக்கு நூறும் அறுபதும் நாற்பதும் வசதியாக இருந்திருக்கின்றன, அதில் ஐந்துகள் குவிந்துவிட்டன. காரணிகளைக் கூட்டுவதற்கென்று செய்த எண் இல்லை அது.

ராமானுஜன் பட்டியலின் கடைசி எண் 6746328388800. பதின்மூன்றே இலக்கம், காரணிகள் 10,080. அந்தப் பட்டியலில் அவர் ஓர் எண்ணைத் தவறவிட்டுவிட்டார் என்பதை வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன், பிள்ளைகளுக்கு அதில் ஒரு சந்தோஷம். விட்டுப்போனது 293318625600. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், அவர் எழுதிய அந்தக் கடைசி எண்ணே வரும். தேடியது உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

கணக்கெழுதுகிற கை அல்லவா உங்களுடையது, இந்தப் பெருக்கலையும் 1001 போட்டுச் சரிபாருங்கள். அதிலும் 7, 11, 13 மூன்றும் உண்டு.

மூணாறு தலைப்பு

சரிபார்த்தேன் டீச்சர். 293318625600: 600-லிருந்து 625 போனால் கழித்தல் 25, 318 கூட்டினால் 293, கடைசி 293-ஐக் கழித்தால் 0. இப்போதெல்லாம் ரேஷன் கார்டு எண்ணைப் பார்த்தாலும் மூன்று மூன்றாக வெட்டத் தோன்றுகிறது.

குழுவில் தீர்ப்பைப் போட்டுவிட்டேன். எண்ணைப் பொறுத்தவரை பெரியப்பா ஜெயித்தார், ஏணி அவர் பக்கம். ஆனால் சித்தப்பா உடனே, "எதாலும் வகுபடும் என்றாரே, 19-ல் வகுபடவில்லையே, நாம் 19 பேர்தானே, பந்தியிலேயே வகுபடாத எண் என்ன எண்" என்று பிடித்துக்கொண்டார். பெரியப்பா அதற்குக் கல்வெட்டை இழுத்தார், கல்லில் இருப்பது வேறு எண் என்று. ஒரு மணி நேரம் ஓடியது. கடைசியில் ஆளுக்கு ஒரு தோல்வி என்று முடிவு செய்து, டிபன் செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள்.

அத்தை மட்டும் விடவில்லை. "நானும்தானே தப்பா அனுப்பினேன், மூணாப் பிரிங்கடா" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார். அப்பா அதற்குப் பதில் எழுதினார், குழுவில் அவர் எழுதியதே இந்த வருஷத்தில் இரண்டாவது முறை: "மூணாப் பிரிச்சா அரைக்காணி மீறும்."